பொதுச் சுகாதார முதுநிலைப் பாடத்திட்டத்தை மாற்றி எழுதப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் துறையின் முதுநிலைப் பொதுச் சுகாதாரப் படிப்பைத் திருத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, ஒரு விடுமுறைக் காலத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டே கால் ஆண்டு ஆனது. அதில் முதல் 10 மாத உழைப்பு மொத்தமும் வீண். பாடங்களின் பெயரை மாற்றினோம். நோக்கங்களில் ‘அறிதல்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘பகுப்பாய்தல்’ என்று போட்டோம். கடைசியில் ஒரு களப்பணியை ஒட்டவைத்தோம்.

அந்தத் திருத்தத்தோடு ஒரு செமஸ்டர் ஓடிய பிறகு, இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரு தடுப்பூசித் தரவுக் கோப்பைக் கொடுத்தேன். ‘எந்தப் பகுதி பின்தங்கியிருக்கிறது, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்’ என்றேன். நிகழ்தகவைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த பிள்ளைகள்தான். ஆனால் ஒரே ஊர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அப்படியே சராசரி எடுத்து, வண்ண வண்ணமாக வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் வேலையை முதலிலிருந்து தொடங்கினோம்.

இந்தப் பொறுப்பை இப்போதுதான் ஏற்றிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 2 ஆண்டுப் படிப்பு, ஆண்டுக்கு 40 மாணவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணிக்கைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஒழுங்காகத் திட்டமிட்டால் 18 மாதத்தில் புதிய பாடத்திட்டத்தில் மாணவர்களைச் சேர்க்கலாம். 6 மாதத்தில் முடியும் என்று யாராவது சொன்னால், பெயர் மாற்றத்தை மட்டும் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

1. பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டு, வேலையைப் பாருங்கள்

காலம்: 6 முதல் 8 வாரம்.

படித்து முடித்து 1 முதல் 3 ஆண்டு ஆன பழைய மாணவர்கள் 12 பேரைத் தேர்ந்தெடுங்கள். அரசுப் பணியில் இருப்பவர், தொண்டு நிறுவனத்தில் இருப்பவர், மருத்துவமனையில் தரக் கட்டுப்பாடு பார்ப்பவர், ஆய்வு நிறுவனத்தில் இருப்பவர் என்று கலந்து எடுங்கள். வேலை கிடைக்காமல் இருப்பவர்கள் இரண்டு பேராவது பட்டியலில் இருக்கட்டும். அவர்களைக் கூப்பிட நமக்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் அதிகம் சொல்லப்போவது அவர்கள்தான். அப்புறம், இந்த 12 பேரின் மேலதிகாரிகளில் ஐந்தாறு பேரிடமும் பேசுங்கள்.

கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. ‘எந்தத் திறன்கள் தேவை?’ என்று கேட்டால் தலைமைப்பண்பு, தகவல்தொடர்பு, குழுவாக இயங்குதல் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். அதை வைத்து எதையும் செய்ய முடியாது. நான் கேட்டது வேறு: ‘போன மாதம் நீங்கள் யாரிடம் எந்தக் கோப்பைக் கொடுத்தீர்கள்? அது எத்தனை முறை திரும்பி வந்தது? ஏன் வந்தது?’

முடிந்தால் அந்தக் கோப்பையே வாங்குங்கள். நோயாளிகளின் பெயர், முகவரி, எண் எல்லாம் அழிக்கப்பட்ட பிறகுதான் வாங்க வேண்டும். இதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். எங்களுக்கு 31 கோப்புகள் கிடைத்தன. பாதிக்கு மேல் 3 பக்கத்துக்குள் அடங்கியவை. நாங்களோ மாணவர்களை 80 பக்கத் தீசிஸ் எழுத மட்டுமே பழக்கிக்கொண்டிருந்தோம்.

2. திறன்களை எழுதாதீர்கள், பணி ஆவணங்களை எழுதுங்கள்

காலம்: ஒரு மாதம். ஐந்து பேருக்கு மேல் இல்லாத குழு.

பணி ஆவணம் என்று நான் சொல்வது, மாணவர் செய்து முடித்து இன்னொருவர் கையில் கொடுக்கும் எதையும். சுத்தம் செய்யப்பட்ட தரவுக் கோப்பாக இருக்கலாம், நோய்ப் பரவல் விசாரணை அறிக்கையாக இருக்கலாம், ஒரு ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டமாகவும் இருக்கலாம். எங்கள் பட்டியல் 14 ஆவணங்களில் நின்றது. கண்காணிப்புத் தரவிலிருந்து வாராந்தர அறிக்கை, கணக்கெடுப்புக்கான கேள்வித்தாளும் அதன் முன்சோதனைக் குறிப்பும், அதிகாரிக்கு ஒரு பக்கக் கொள்கைக் குறிப்பு, பொதுமக்களுக்கான எச்சரிக்கைச் செய்தி, திட்ட மதிப்பீட்டு வரைவு, பணியாளர்களுக்கான அரை நாள் பயிற்சித் திட்டம் என்று போகும்.

அங்கீகாரம் தரும் அமைப்புகள் திறன் பட்டியல் கேட்கும், அதைத் தவிர்க்க முடியாது. கவுன்சில் ஆன் எஜுகேஷன் ஃபார் பப்ளிக் ஹெல்த் என்ற அமெரிக்க அமைப்பு, 2016இல் தன் விதிகளைத் திருத்தியபோது 22 அடிப்படைத் திறன்களை வகுத்தது. அதுவரை நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதார நிர்வாகம், சமூக-நடத்தை அறிவியல் என்ற 5 துறைகளை வைத்தே படிப்புகள் கட்டப்பட்டு வந்தன. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த 22ஐ ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 14 ஆவணங்கள். அப்புறம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே, அது எந்தெந்தத் திறனைக் காட்டுகிறது என்று குறித்து வாருங்கள். எங்களுக்கு இரண்டு திறன்கள் மட்டும் எந்த ஆவணத்திலும் சேராமல் நின்றன, அவற்றுக்காக இரண்டு ஆவணங்களைத் திருத்தினோம். முடிந்தது. தலைகீழாகச் செய்த முதல் முறையில் 112 திறன்கள் கொண்ட பட்டியல் உருவானது. அதை எழுதிய நாங்களே இரண்டாவது முறை படிக்கவில்லை.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடு ஒன்று உண்டு. தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்துகாட்டுகிறார், வேலையிடத்தில் செய்கிறார் என்று நான்கு படிகள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கத்தில் மாணவர் எந்தப் படி வரை போக வேண்டும் என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் நான்காவது படி என்று போடத் தோன்றும். 2 ஆண்டில் நடக்காது. எங்கள் 14இல் 5 மட்டுமே நான்காவது படி.

3. மணிக்கணக்கைப் போடுங்கள், சண்டை இங்கேதான் வரும்

காலம்: 3 மாதம் ஒதுக்குங்கள். 4 ஆகும்.

பெரும்பாலான பாடத்திட்டத் திருத்தங்கள் தோற்கும் இடம் இது. புதிதாகச் சேர்ப்பதற்கு எல்லோரும் கை தூக்குவார்கள். எதை எடுப்பது என்று கேட்டால் அறையில் சத்தமே இருக்காது.

முதலில் மாணவருக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க முறையில் ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே 2 மணி நேர உழைப்பும் சேர்ந்தது. 15 வாரத்துக்கு ஏறத்தாழ 45 மணி நேரம். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம், முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். உங்கள் பல்கலைக்கழகம் எதைப் பின்பற்றினாலும் வகுப்புக்கு வெளியே ஆகும் நேரத்தைச் சேர்த்தே கணக்கிடுங்கள். நாங்கள் வகுப்பு நேரத்தை மட்டும் கூட்டிவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தோம். தரவைச் சுத்தம் செய்வது, களத்துக்குப் போய்வருவது, அறிக்கையைத் திருத்தி எழுதுவது எல்லாம் சேர்த்தபோது இரண்டாம் செமஸ்டரில் வாரத்துக்கு 58 மணி நேரம் வந்தது. இதில் சமைப்பது, தூங்குவது எப்போது என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் இல்லை.

அடுத்து, ஒரு விரிதாள் திறந்து கொள்ளுங்கள். ஒரு தலைப்புக்கு ஒரு வரி. நெடுவரிசைகள் நான்கே: தலைப்பு, எந்தப் பாடத்தில் வருகிறது, எத்தனை மணி நேரம், எந்தப் பணி ஆவணத்துக்குத் தேவை. பாடத்திட்டத்தில் அச்சான தலைப்புகளை நம்பாதீர்கள். ஆசிரியர்களின் வகுப்புக் குறிப்புகளை, ஸ்லைடுகளை வாங்கிப் பாருங்கள். நிரப்பி முடித்ததும் தலைப்புவாரியாக அடுக்கிப் பாருங்கள். எங்களிடம் மாதிரியெடுப்பு 4 பாடங்களில் இருந்தது. ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் பி மதிப்பு 3 பாடங்களில். ஒவ்வொருவரும் ‘போன செமஸ்டரில் இதைச் சரியாகச் சொல்லித் தரவில்லை’ என்று நினைத்து அடிப்படையிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அதை ஒரே இடத்தில் வைத்ததில் மட்டும் 22 மணி நேரம் மிஞ்சியது.

நான்காவது நெடுவரிசை காலியாக இருக்கும் வரிகள்தான் அடுத்த குறி. இங்கே கொஞ்சம் பக்குவம் வேண்டும். காலியாக இருப்பதாலேயே ஒன்று வீண் என்று ஆகிவிடாது. பொதுச் சுகாதார நெறிமுறை, சமத்துவமின்மை பற்றிய சில வகுப்புகள் எந்த ஆவணத்திலும் நேரடியாக உட்காரவில்லை. அவற்றை நான் விடவில்லை. யாருக்காக இந்த அறிக்கை என்ற கேள்வி தெரியாதவர் எழுதும் அறிக்கை நமக்கு எதற்கு? ஆனால் சூத்திரங்களைக் கையால் போட்டுப் பார்க்கும் 14 மணி நேரத்தை 3 ஆக்கினோம். அமைப்புகளின் வரலாறு, குழுக்களின் பெயர்கள், அவற்றின் ஆண்டுகள் எல்லாம் படிக்கக் கொடுக்கும் குறிப்புக்குப் போயின.

ஒரு எச்சரிக்கை. இந்த விரிதாளைத் துறைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டாதீர்கள். நான் காட்டினேன். 20 ஆண்டு அனுபவமுள்ள ஒருவரின் பாடத்தில் நான்காவது நெடுவரிசை வெறுமையாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்கப்புறம் 2 மாதம் எந்தக் கூட்டமும் ஒழுங்காக நடக்கவில்லை. ஒவ்வொருவராக, அவர்கள் அறைக்கே போய், ‘உங்கள் பாடத்தில் எந்த ஆவணத்தை மாணவர் செய்து முடிக்கலாம்?’ என்று கேளுங்கள். எடுப்பதைப் பற்றிப் பேச்செடுக்காமலே அவர்களாகவே எடுப்பார்கள்.

4. ஒரே ஒரு தொகுதியை முழுமையாக வடிவமைத்துப் பாருங்கள்

காலம்: 6 வாரம், அதைக் கற்பிக்க ஒரு வாரம்.

எல்லாப் பாடங்களையும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினால் எல்லாமே அரைகுறையாகும். பல பாடங்களைச் சேர்த்துக் கற்பிக்கும் ஒரு தொகுதியை எடுத்து முழுதாகச் செய்யுங்கள். நாங்கள் எடுத்தது ஒரு கற்பனைத் தட்டம்மைப் பரவல். தட்டம்மையைத் தேர்ந்ததற்குக் காரணம், அது ஒரே வாரத்தில் எல்லாத் துறையையும் தொட வைக்கும்.

திங்கள் காலை ஒரு தொலைபேசிச் செய்தி: ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும். அவ்வளவுதான். யாரை நோயாளியாகக் கணக்கில் எடுப்பது என்ற நோய் வரையறையை மாணவர்கள் எழுத வேண்டும். இறுக்கமாக எழுதினால் நோயாளிகள் விடுபடுவார்கள், தளர்வாக எழுதினால் வேறு காய்ச்சலெல்லாம் உள்ளே வரும். மதியம் நோயாளர் பட்டியல் வரும். அதை வேண்டுமென்றே அழுக்காக வைத்திருப்போம்: இரண்டு முறை பதிவான பெயர்கள், ஆண்டில் எழுத வேண்டிய வயது மாதத்தில், நாளும் மாதமும் இடம் மாறிய தேதிகள். செவ்வாய்க்கிழமை தொற்று வளைவு, அதாவது எந்த நாளில் எத்தனை பேருக்கு நோய் கண்டது என்று காட்டும் வரைபடம். அதில் நாள் இடைவெளியை எவ்வளவு வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுவார்கள். தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும் வரையான நோயரும்பு காலத்தின் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ வைப்பது வழக்கம். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்பு வரை தொற்றும் என்பதை வைத்துத் தொடர்பில் இருந்தவர்களைப் பட்டியலிட வேண்டும்.

புதன்கிழமைதான் எனக்குப் பிடித்த நாள். பள்ளியில் 1,000 பிள்ளைகள், 900 பேர் தடுப்பூசி போட்டவர்கள். நோய் கண்டவர்கள் 114 பேர், அதில் 54 பேர் தடுப்பூசி போட்டவர்கள். ‘நோய் வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஊசி போட்டவர்களாமே, அப்படியானால் ஊசி வேலை செய்யவில்லைதானே?’ என்று ஒரு பெற்றோராக நடிப்பவர் வந்து கேட்பார். போடாத 100 பேரில் 60 பேருக்கு, அதாவது 60 சதவீதம். போட்ட 900 பேரில் 54 பேருக்கு, அதாவது 6 சதவீதம். 60 வர வேண்டிய இடத்தில் 6தான் வந்திருக்கிறது, அதாவது ஊசி 90 சதவீதம் பாதுகாப்பு தந்திருக்கிறது. இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுவிடுவார்கள். அதைக் கோபத்தில் இருக்கும் ஒரு அம்மாவிடம், சதவீதம் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் 2 நிமிடத்தில் சொல்வது? அங்கேதான் நோய்ப்பரவலியலும் தகவல்தொடர்பும் ஒரே திறன் என்று மாணவருக்குப் புரிகிறது.

வியாழன் அதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு, வெள்ளி திருத்தம். மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய ஒரு வாரம். இதைத் தயாரிக்க மொத்தம் 130 மணி நேரம் ஆனது. எத்தனை தொகுதிகள் உங்களால் தாங்கும் என்பதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். நாங்கள் நான்கோடு நிறுத்திக்கொண்டோம்.

5. களப்பணி: காகித வேலை 9 மாதம் முன்பே தொடங்க வேண்டும்

உலகின் பல நாடுகளில் நடக்கும் களநோய்ப்பரவலியல் பயிற்சித் திட்டங்களில், 2 ஆண்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நேரம் களத்திலேயே போகிறது. அதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே செய்யலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அந்தப் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சுகாதாரத் துறையில் பணியில் இருப்பவர்கள். அவர்களுக்கு மேசை உண்டு, அதிகாரம் உண்டு, சம்பளமும் உண்டு. நம் மாணவருக்கு மூன்றும் இல்லை. அந்த இடைவெளியை ஆவணங்களால்தான் நிரப்ப வேண்டும்.

தேவையானவை இவை:

புரிந்துணர்வு ஒப்பந்தம். பல்கலைக்கழகம், களப்பணி தரும் அலுவலகம் என்று இரு பக்கச் சட்டப் பிரிவும் பார்க்க வேண்டும் என்பதால் 3 முதல் 6 மாதம் ஆகும். ஒரு ஆண்டுக்கு என்று போடாதீர்கள். 3 அல்லது 5 ஆண்டுக்குப் போட்டு, மாணவர் விவரத்தை ஆண்டுதோறும் மாறும் இணைப்பாக வையுங்கள்.

ஒரு பக்கப் பணித் திட்டம். மாணவர், அந்த அலுவலகத்தில் அவரை வழிநடத்தும் கள வழிகாட்டி, துறை ஆசிரியர் மூவரும் கையெழுத்திட வேண்டும். மாணவர் என்ன ஆவணத்தைக் கொடுப்பார், எந்தத் தேதிக்குள், யார் அதைப் பயன்படுத்துவார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘அலுவலகப் பணிகளில் உதவுவார்’ என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அந்த வாக்கியத்துக்கு நகல் எடுத்துத் தருவார் என்று பொருள்.

தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம். எந்தக் கணினியில் தரவு இருக்கும், பயிற்சி முடிந்ததும் யார் அழிப்பார், மாணவர் அதைத் தீசிஸில் பயன்படுத்தலாமா கூடாதா. கடைசிக் கேள்வியை எழுத்தில் தீர்க்காமல் விட்டதால், எங்கள் மாணவர் ஒருவர் 12 வாரம் செய்த பகுப்பாய்வை வெளியே காட்டவே முடியவில்லை.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கடிதம். ஒரு அலுவலகத்தின் வழக்கமான பணியைச் செய்வது பல இடங்களில் ஆய்வாகக் கருதப்படாது. அதையே பொதுவான முடிவுகளுக்காகவும் வெளியீட்டுக்காகவும் செய்தால் ஆய்வு. எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். விவரத்தை அனுப்பி, ‘ஆய்வு அல்ல’ என்றாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். தரவு சேகரித்த பிறகு போய் அனுமதி கேட்டால் கிடைக்காது.

அப்புறம் காப்பீடு, தடுப்பூசிச் சான்று, பின்னணிச் சரிபார்ப்பு கேட்கும் இடங்களில் அந்தச் சான்று. இவற்றை மாணவர் சேர்ந்த முதல் மாதத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணைக்கே 6 மாதம் ஆகிவிடும்.

எத்தனை வாரம்? 6 வாரக் களப்பணியை முயன்று பார்த்தோம். முதல் 2 வாரம் அடையாள அட்டைக்கும் கணினி அனுமதிக்கும் போனது, கடைசி வாரம் விடைபெறுதலுக்கு. மிஞ்சியது 3 வாரம். இப்போது 12 வாரம் வைத்திருக்கிறோம். மேலே சொன்ன அமெரிக்க அமைப்பின் விதி, மணிக்கணக்கை வலியுறுத்தாமல், களப்பணியில் மாணவர் குறைந்தது 2 ஆவணங்களை உருவாக்கி, அவற்றின் வழியே குறைந்தது 5 திறன்களைக் காட்ட வேண்டும், அதில் 3 அடிப்படைத் திறன்களாக இருக்க வேண்டும் என்கிறது. 22இலிருந்து 3ஐக் கட்டாயமாக்கிவிட்டு, மீதியை மாணவரின் விருப்பத்துக்கு விடலாம். நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

பொறிகள் இரண்டு. ஒன்று, கள வழிகாட்டி பாதியில் இடமாற்றமாகிப் போவது. எங்களுக்கு முதல் ஆண்டு 20 இடங்களில் 4இல் இது நடந்தது. பணித் திட்டத்தில் மாற்று வழிகாட்டியின் பெயரும் இருக்கட்டும். மற்றொன்று, சம்பளமில்லாத 12 வாரத்தை எல்லா மாணவராலும் தாங்க முடியாது. வேலை செய்துகொண்டே படிப்பவர், குழந்தை வைத்திருப்பவர் என்று நான்கைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு வாரம் 2 நாள் வீதம் நீண்ட காலத்துக்குப் பரப்பும் வழியை விதியிலேயே எழுதுங்கள். தனிச் சலுகையாக விட்டால், ஒவ்வொரு முறையும் யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருக்கும்.

6. மதிப்பெண் போடும் முறையை மாற்றாவிட்டால் எதுவும் மாறாது

களப்பணிக்கு 10 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 70 என்று இருந்தால் மாணவர்கள் 70க்குத்தான் படிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பக்க மதிப்பெண் அளவுகோல் எழுதுங்கள். அதைப் பயன்படுத்தும் முன், இரண்டு ஆசிரியர்கள் ஒரே 5 அறிக்கைகளைத் தனித்தனியாகத் திருத்திப் பாருங்கள். நாங்கள் செய்தபோது ஒரே அறிக்கைக்கு ஒருவர் 41, மற்றவர் 68. ‘தெளிவாக எழுதியிருக்கிறார்’ என்ற வரியை இருவரும் வேறு வேறாகப் புரிந்துகொண்டிருந்தோம். அந்த வரியை ‘பரிந்துரை முதல் பத்தியிலேயே இருக்கிறது, யார், எப்போது செய்ய வேண்டும் என்று சொல்கிறது’ என்று மாற்றியதும் இடைவெளி சுருங்கியது.

அறிக்கையை இன்று யார் எழுதினார், எந்தச் செயலி எழுதியது என்று கண்டுபிடிக்க மல்லுக்கட்டாதீர்கள். அறிக்கையோடு 10 நிமிட வாய்மொழி விளக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். ‘இந்த 7 பதிவுகளை ஏன் நீக்கினீர்கள்?’ என்று ஒரு கேள்வி போதும். குழுவாகச் செய்த வேலைக்கும் இதுவே மருந்து. ஒருமுறை திருத்தி மறுபடி கொடுக்கும் வாய்ப்பும் இருக்கட்டும், வேலையிடத்தில் அப்படித்தானே நடக்கிறது.

7. ஆசிரியர்கள்

களத்தில் இருப்பவர்களை விருந்தினராக ஒரு மணி நேரம் அழைத்தால் தங்கள் சாதனைகளைப் பேசிவிட்டுப் போவார்கள். ஒரு தொகுதியை உங்கள் ஆசிரியரோடு சேர்ந்து நடத்தக் கூப்பிடுங்கள். துறை ஆசிரியர்களில் விருப்பமுள்ளவர்களை ஆண்டுக்கு 2 வாரம் ஒரு சுகாதார அலுவலகத்தில் உட்கார வையுங்கள். களப்பணி மேற்பார்வையைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்காவிட்டால் இரண்டாம் ஆண்டில் யாரும் வரமாட்டார்கள்.

8. ஒப்புதலுக்கான கோப்பு

காலம்: பல்கலைக்கழகக் கூட்டங்களின் தேதியைப் பொறுத்தது. அந்தத் தேதிகளை முதல் நாளே வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். நாங்கள் ஒரு கூட்டத்தை 4 நாள் வித்தியாசத்தில் தவறவிட்டோம், அடுத்தது 5 மாதம் கழித்து வந்தது.

கோப்பில் இருக்க வேண்டியவை: பழைய-புதிய பாடத்திட்ட ஒப்பீட்டு அட்டவணை, ஆவணம்-திறன் அட்டவணை, மணிக்கணக்கு, தேர்வு விதிகளின் திருத்தம், களப்பணி ஒப்பந்தங்களின் நகல், பழைய மாணவர்களிடம் பேசியதன் சுருக்கம், செலவுக் கணக்கு. இதோடு ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கான ஏற்பாடு. பழைய பாடத்தில் தோற்றவர் அடுத்த ஆண்டு எந்தத் தேர்வை எழுதுவார் என்ற கேள்வி கட்டாயம் வரும். பதில் இல்லாமல் போனால் கோப்பு அன்றே திரும்பும்.

மொத்தக் கிரெடிட்டையும் படிப்பின் பெயரையும் தொடாமல் விட முடிந்தால் விடுங்கள். அவற்றைத் தொட்டால் பல இடங்களில் புதிய படிப்பாகவே கருதி, அங்கீகாரத்தை முதலிலிருந்து கேட்பார்கள். உள்ளே எவ்வளவு மாற்றினாலும் வெளியே அதே எண், அதே பெயர். எனக்கு இது தெரிய ஒரு ஆண்டு ஆனது.

9. செலவு எங்கே போகும்

மென்பொருளுக்குப் போகாது. புள்ளிவிவரக் கணக்குக்கு ஆர், நிலப்படத்துக்கு க்யூஜிஐஎஸ், இரண்டும் இலவசம். கணக்கெடுப்புக்குக் கோபோடூல்பாக்ஸின் இலவசக் கணக்கு ஒரு வகுப்புக்குப் போதும். பணம் போவது ஆட்களுக்கு. முழுநேரக் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் கட்டாயம். ஆசிரியர் ஒருவர் கூடுதலாகப் பார்த்துக்கொள்வார் என்று எழுதினால் அந்த ஆசிரியர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அடுத்து மாணவர் போக்குவரத்து, காப்பீடு, இணைந்து கற்பிப்பவர்களுக்கான மதிப்பூதியம்.

கணக்கில் வராத செலவு திருத்தும் நேரம். 40 மாணவர், ஆளுக்கு 2 ஆவணம், ஒன்றுக்கு 45 நிமிடம், 2 பேர் திருத்துகிறார்கள்: 120 மணி நேரம். இது களப்பணிக்கு மட்டும். வாய்மொழி விளக்கத்துக்குத் தனி. இந்த எண்ணைச் செலவுப் பக்கத்தில் முதல் வரியாக எழுதினேன். ஒருங்கிணைப்பாளர் பதவிக்குக் கையெழுத்து விழுந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

10. முதல் ஆண்டு

மூன்றாவது வாரத்திலேயே மாணவர்களிடம் கருத்துக் கேளுங்கள். செமஸ்டர் முடிவில் கேட்டால் அடுத்தவர்களுக்குத்தான் பயன்படும். எங்களிடம் வந்த முதல் குறை, மூன்று பாடங்களின் ஆவணங்களையும் ஒரே வெள்ளிக்கிழமை கேட்கிறோம் என்பது. ஒரே மின்னஞ்சலில் சரி செய்தோம்.

களப்பணி முடிந்ததும் கள வழிகாட்டிகளுக்கு நீண்ட படிவம் அனுப்பாதீர்கள், நிரப்ப மாட்டார்கள். தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாணவர் கொடுத்த ஆவணத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? அடுத்த ஆண்டும் ஒருவரை எடுத்துக்கொள்வீர்களா? எங்கள் முதல் ஆண்டில் 20 இடங்களில் 11 இடங்களில்தான் ஆவணம் பயன்பாட்டில் இருந்தது. மீதி 9இல் 6 இடங்களின் பணித் திட்டத்தில் ‘யார் பயன்படுத்துவார்’ என்ற கட்டத்தை நாங்களே காலியாக விட்டுக் கையெழுத்திட்டிருந்தோம்.

படித்து முடித்து 6 மாதம் கழித்து, முதல் படியில் செய்ததைப் போலவே மாணவர்களின் கோப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு அவர்களின் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இறுதித் தேர்வுக்கு முன்பே, சம்மதத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலை நம்பியிருந்தோம். பட்டமளிப்புக்கு மறுநாளே 40 கணக்குகளையும் மூடிவிட்டார்கள்.